அக்கிக்கு டிரிப்ஸ் எதற்கு, மாத்திரை போதாதா?

வணக்கம். கீமோ எடுக்கும் அம்மாவுக்கு நெற்றியில் அக்கி வந்திருக்கிறது, அட்மிட் ஆகச் சொல்கிறார்கள், மாத்திரை போதாதா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து இன்றே சேர்த்துவிடுங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் அக்கியை உண்டாக்கும் வைரஸ் நுரையீரல், மூளை வரைக்கும் போகக்கூடும். இதற்குக் கொடுக்கும் அசைக்ளோவிர் மருந்தை மாத்திரையாகப் போட்டால் சிறு பங்குதான் ரத்தத்தில் சேரும். டிரிப்ஸில் முழுதாகச் சேரும்.

பெரும்பாலும் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரமாவது ஆகவேண்டும். வேகமாக ஏற்றினால் மருந்து சிறுநீரகத்தில் படிகமாகத் தங்கிவிடக்கூடும். அதனால்தான் கூடவே சலைன், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அடிக்கடி கிரியேட்டினின் ரத்த டெஸ்ட். சிறுநீர் குறைந்தாலோ, பேச்சு குழம்பினாலோ உடனே சொல்லுங்கள்.

அப்புறம், ஊசி குத்திய இடத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். என் அப்பாவுக்கு அங்கே சிவந்து எரிந்தது, வலிக்கிறது என்று அவராகச் சொல்லவே இல்லை. நான் பார்த்து நர்ஸிடம் சொன்ன பிறகுதான் வேறு கைக்கு மாற்றினார்கள்.

மூக்கு நுனியில் கொப்புளம் இருக்கிறதா? இருந்தால் அக்கி கண்ணையும் தொட்டிருக்கலாம், கண் மருத்துவரும் இன்றே பார்க்கவேண்டும்.