தங்கத் திரையில் கடலுக்குள் போகும் குதிரைவீரன் யார்?

கேள்வி: கியோத்தோவில் வேலை பார்க்கிறேன். பழம்பொருள் சந்தையில் ஆறு மடிப்பு ஓவியத் திரை ஒன்று வாங்கினேன். தங்கப் பின்னணி. கடலுக்குள் குதிரையில் போகும் வீரன் திரும்பிப் பார்க்கிறான். கரையிலிருந்து இன்னொருவன் விசிறியை உயர்த்துகிறான். இது என்ன காட்சி? தங்கத்தில் கட்டம் கட்டமாகக் கோடுகள் தெரிவது பழுதா? சுவரில் தட்டையாக மாட்டலாமா?

பதில்: விசிறிதான் அடையாளம். இது ஜப்பானின் தைரா, மினமோத்தோ குலங்களுக்கு இடையே 1184இல் நடந்த இச்சினோதானி போர். தோற்றுப்போன தைரா படை படகுகளை நோக்கி ஓட, இளைஞன் அத்சுமோரியும் குதிரையைக் கடலில் இறக்குகிறான். மினமோத்தோ தரப்பின் குமகாய் நவோசானே, "புறமுதுகு காட்டாதே" என்று விசிறியை அசைத்துக் கூப்பிடுகிறார். அவன் திரும்பி வருகிறான். குமகாய் அவனை வீழ்த்தித் தலைக்கவசத்தைக் கழற்றிப் பார்த்தால், தன் மகன் வயதுப் பையன்! தப்பவிடத்தான் நினைக்கிறார். அதற்குள் சொந்தப் படையினர் நெருங்கிவிட, அழுதுகொண்டே தலையை வெட்டுகிறார். பையனிடம் ஒரு புல்லாங்குழல் இருந்தது. அன்று விடியற்காலை எதிரி முகாமிலிருந்து கேட்ட இசை இவனும் இவன் கூட்டாளிகளும் வாசித்தது என்று அப்போதுதான் அவருக்குப் புரிகிறது. குமகாய் பின்னாளில் துறவியானார். விசிறி படகுக் கம்பத்தில் இருந்து, ஒருவன் அதை அம்பால் குறிவைத்தால் அது வேறு காட்சி: 1185இல் யாஷிமா போரில் வில்வீரன் நாசு நோ யோய்ச்சி.

கோடுகள் பழுதல்ல. தங்கத் தகடுகளைச் சுமார் பத்து சென்டிமீட்டர் சதுரங்களாக ஒட்டுவார்கள். ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடம் கோடாகத் தெரியும். ஆனால் அச்சுப் பிரதியிலும் அந்தக் கோடுகள் பதிந்திருக்கும் என்பதால் பூதக்கண்ணாடியால் பாருங்கள். பொடிப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு.

தட்டையாக மாட்டாதீர்கள். மடிப்புகளை இணைப்பது காகிதக் கீல். முழுக்க விரித்து இழுத்தால் கிழியும். ஓவியமும் மடிந்து நிற்பதற்காகவே தீட்டப்பட்டது. சற்று மடித்து நிறுத்தி, தரையில் உட்கார்ந்து வலமிருந்து இடமாகப் பாருங்கள். குமகாயின் அழைப்பு மடிப்புகளைத் தாண்டிப் போய் அத்சுமோரியைத் தொடுவதுபோல் இருக்கும். சுவரில் அறைந்துவிட்டால் அந்த அனுபவம் போய்விடும்.

வெயில் படும் இடமும் ஏ.சி. காற்று நேராக அடிக்கும் இடமும் வேண்டாம். துணியால் துடைக்கவே கூடாது, தங்கம் தேய்ந்துவிடும். நீலமும் பச்சையும் கனிம வண்ணங்கள். உதிரத் தொடங்கியிருந்தால் விரலால்கூடத் தொடாதீர்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்ட வேண்டாம். நீங்கள் இருக்கும் ஊரிலேயே ஓவியத் திரைகளைச் செப்பனிடும் ஹியோகுஷி எனப்படும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பயன்படுத்தும் கோதுமை மாவுச்சத்துப் பசையைப் பின்னால் தேவைப்பட்டால் ஈரம் காட்டிப் பிரித்துவிடலாம்.