மையும் வெற்றிலையும் மெத்தை நாற்காலியும்

கேள்வி: என் மாமியாருக்கு 68 வயது. புதுச்சேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய இரவு, ஐந்து பவுன் சங்கிலியைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டார். எங்கே என்று ஞாபகமில்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண் மேல் எங்களுக்குச் சந்தேகம். ஹிப்னாடிசம் செய்து ஆழ்மனதில் இருப்பதை வெளியே கொண்டுவருவதாக ஒருவர் சொல்கிறார். மூன்று சிட்டிங்காம். போகலாமா?
- ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: போகாதீர்கள். வெற்றிலையில் மை தடவி "யார் முகம் தெரியுது?" என்று கேட்பார்களே, அதே வேலைதான் இது. மெத்தை நாற்காலியும் ஏசியும் கூடுதல்.

கண்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு புள்ளியையே பார்க்கச் சொல்வார்கள். 1840-களில் மான்செஸ்டர் மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்ட், பளபளக்கும் ஒரு பொருளைக் கண்ணிலிருந்து 8 முதல் 15 அங்குலம் தள்ளி, நெற்றிக்கு மேலாகப் பிடித்தார். அப்படிப் பார்த்தால் யாருக்கும் இமை கனக்கும். அந்த நேரம் பார்த்து "இமை கனக்கிறது" என்றால், அவர் சொன்னதால்தான் கனத்தது என்று மனம் எடுத்துக்கொள்ளும். அடுத்துச் சொல்வதையும் ஏற்கத் தயாராகும். மூச்சை இழுத்து விடுவது, இருபதிலிருந்து இறங்கி எண்ணுவது எல்லாம் கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்தத்தான். இது தூக்கமில்லை, வசியமும் இல்லை. கோவாவில் பிறந்த பாதிரியார் அபே ஃபரியா 1813 வாக்கிலேயே பாரீஸில் இதைச் சொன்னார்: சக்தி செய்பவரிடம் இல்லை, ஏற்பவரிடம் இருக்கிறது.

எல்லோரும் ஒரே அளவு ஏற்பதில்லை. யார் எவ்வளவு ஏற்பார் என்று அளக்கும் ஸ்டான்ஃபோர்டு அளவுகோலில் 12 சோதனைகள் உண்டு. இல்லாத கொசுவின் ரீங்காரம் கேட்கிறதா என்பது அதில் ஒன்று. (கடலூரில் அதைச் சோதிப்பது சிரமம்.)

சுலபமாக ஏற்பவரே இல்லாத நினைவையும் சுலபமாக ஏற்பார். 1983-இல் லாரன்ஸ், பெர்ரி என்ற ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட 27 பேரை ஹிப்னாடிச நிலையில் வைத்து, முந்தைய வாரத்தின் ஓர் இரவில் பெரிய சத்தம் கேட்டு விழித்தீர்களா என்று கேட்டார்கள். அன்று விழிக்கவேயில்லை என்று முன்பே சொன்னவர்கள் அவர்கள். பிறகு 13 பேர் சத்தம் கேட்டது நிஜம் என்றே நம்பினார்கள்.

உங்கள் மாமியாரிடம் "பீரோ பக்கத்தில் யார் நிற்கிறார்கள்?" என்று கேட்டால் என்ன ஆகும்? வீட்டில் ஏற்கெனவே யார் பேச்சு அடிபடுகிறதோ அந்த முகம்தான் வரும். அதன்பிறகு அவர் சத்தியமே செய்வார்; அது பொய்யுமில்லை, உண்மையுமில்லை. ஒரு பெண்ணின் பிழைப்பும் போலீஸ் ஸ்டேஷன் படியும் அதில் தொங்குகின்றன. அந்தப் பெண்ணையே உட்காரவைக்கலாமா என்ற யோசனையும் வேண்டாம். ஹிப்னாடிச நிலையிலும் பொய் சொல்ல முடியும்.

இதற்கு உண்மையான உபயோகம் உண்டு. தீராத வலி, பதற்றம், மருந்துக்குக் கட்டுப்படாத எரிச்சல் குடல் நோய் ஆகியவற்றில் மற்றச் சிகிச்சையோடு சேர்த்துச் செய்கிறார்கள். முடிக்கும்போது "கை கனக்கிறது" போன்ற கட்டளைகளை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். அரைகுறை ஆட்கள் அதை விட்டுவிடுவதால் தலைவலியும் மந்தமும் வரலாம். செய்பவர் மனநல மருத்துவரா, ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவுள்ள மருத்துவ உளவியலாளரா என்று கேளுங்கள்.

சங்கிலிக்கு வருவோம். அதே அறையில், அதே இரவு நேரத்தில் மாமியாரை உட்காரவையுங்கள். வாசலில் செருப்பைக் கழற்றியதிலிருந்து வரிசையாக அவரே சொல்லட்டும். பிறகு பின்னாலிருந்து முன்னால் ஒருமுறை. குறுக்கே யாரும் இடத்தையோ பெயரையோ எடுத்துக்கொடுக்கக் கூடாது. சொன்னதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இப்படி மறப்பது அண்மையில் அடிக்கடி நடக்கிறதென்றால் ஜிப்மரில் காட்டி, பி12, தைராய்டு பார்த்துவிடுங்கள்.

அப்புறம், கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பையைத் திறந்து பார்த்தாயிற்றா?