'ஹெல்த் டிரிங்க்' கொடுக்காவிட்டால் பிள்ளை வளராதா?

வளரும். அந்தப் பயத்தை வளர்த்ததே விளம்பரம்தான். உயரம், மார்க், ஓட்டப்பந்தயம் என்று பெற்றோருக்கு எங்கே உறுத்துமோ அங்கேதான் கை வைப்பார்கள். 'ஹெல்த் டிரிங்க்' என்ற வகையே 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிடையாது. போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை அந்தத் தலைப்பிலிருந்து நீக்கும்படி 2024 ஏப்ரலில் மத்திய அரசு ஆன்லைன் கடைகளிடம் சொல்ல வேண்டி வந்தது.

டப்பாவின் முன்பக்கத்தை விடுங்கள். பின்பக்கத்தில் 'ஆடட் சுகர்' வரியைப் பாருங்கள். 100 கிராமுக்கு 35 கிராம் என்றிருந்தால், ஒரு வேளைக்குப் போடும் 20 கிராம் பவுடரில் 7 கிராம் சர்க்கரை. அதன்மேல் வீட்டில் போடும் 2 டீஸ்பூன் இன்னொரு 8 கிராம். இரண்டு வேளைக்கு 30 கிராம் ஆயிற்று! பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பொடி இருந்தால் அது சர்க்கரைக் கணக்கில் வராது; ஆனால் ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும்.

விளம்பரத்தைவிடக் கடினமானது, "பிள்ளைக்கு வெறும் பாலா கொடுக்கிறே?" என்ற சொந்தக்காரர்களின் கேள்வி. அதனால் ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். பிள்ளையும் முகம் சுளிக்கும். முதலில் வீட்டுச் சர்க்கரையை வாரத்துக்கு அரை டீஸ்பூன் வீதம் குறைத்து வாருங்கள், பிறகு பவுடரை. பெரியவர்களின் காபியிலும் அதே அளவு குறைய வேண்டும்.