இரும்படிக்கப் பழகத் தொடங்குபவர் குறைந்த செலவில் எந்தப் பட்டறைக்கல்லை வாங்கலாம்?

வார இறுதி நாட்களில் கத்தி, களைக்கொத்து போன்ற சிறு பொருட்களை அடித்துப் பழக வேண்டும், பட்டறைக்கல்லுக்காக, அதாவது பழுத்த இரும்பை மேலே வைத்து அடிக்கும் கனமான அடைகல்லுக்காக, ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் செலவிட இயலாது என்று கேள்வியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இந்த வேலைக்கு அந்தத் தொகை தாராளமாகப் போதும். ஆனால் ஒரு பக்கம் கூரிய கொம்பும் மறுபக்கம் நீண்ட வாலும் கொண்ட, படங்களில் காணும் கல்தான் வேண்டும் என்று தேடினால் போதாது. அந்த விலைக்கு அந்த வடிவில் கிடைப்பது பெரும்பாலும் வார்ப்பிரும்புதான்.

நான் செய்த முதல் தவறும் அதுவே. ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் நீல வண்ணம் பூசிய 25 கிலோ கல் ஒன்றை வாங்கி வந்தேன். பார்வைக்கு அழகாக இருந்தது. ஒரு மாதத்திற்குள் அதன் முகத்தில் சுத்தியின் தடங்கள் பள்ளம் பள்ளமாகப் பதிந்தன. ஒருநாள் அடி தவறியபோது விளிம்பு பிஸ்கட்டைப் போல உடைந்து தெறித்தது. வார்ப்பிரும்பில் கரி மிகுதியாக இருப்பதால் அது அமுக்கத்தைத் தாங்குமே தவிர அடியைத் தாங்காது. இயந்திரங்களின் அடிப்பாகத்திற்கு அது சிறந்த பொருள். கோவையின் பம்புத் தொழிலே அதை நம்பித்தான் வளர்ந்தது. பட்டறைக்கல்லுக்கு மட்டும் அது உதவாது.

உடைந்த கல்லை எடுத்துக்கொண்டு காங்கேயத்திற்கு அருகில் பட்டறை வைத்திருக்கும் வயதான ஆசாரி ஒருவரிடம் போனேன். கொம்பு வைத்த எஃகுக் கல் எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்கு அவர், "கொம்பு எதுக்குங்க தம்பி, ஏர்ல பூட்டப் போறீங்களா?" என்று சிரித்தார். அவருடைய கல் நிலத்தில் புதைத்த மரக்கட்டையில் இறக்கிய ஒரு சதுர எஃகுத் துண்டு, அவ்வளவுதான். கொழு முதல் அரிவாள் வரை அனைத்தையும் அதன் மேல்தான் அடித்திருக்கிறார். வளைவுகளை விளிம்பில் வைத்தோ, பக்கத்தில் கிடக்கும் உருளையின் மேல் வைத்தோ தட்டி எடுப்பார். துளையிட வேண்டுமானால் தடித்த நட்டு ஒன்றை அடியில் வைத்துக்கொள்வார்.

ஆகவே கல்லைத் தேடாதீர்கள்; கனமான எஃகுத் துண்டைத் தேடுங்கள் என்பதே என் பரிந்துரை. பழகுபவர் வீசும் சுத்தி ஒரு கிலோவைத் தாண்டுவதில்லை என்பதால் 30 முதல் 50 கிலோ வரை எடையுள்ள துண்டு போதுமானது. எடையை நீங்களே கணக்கிடலாம்: எஃகு ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம் இருக்கும். 10 செ.மீ. சதுரமும் 45 செ.மீ. நீளமும் உள்ள கட்டை ஏறத்தாழ 35 கிலோ, 15 செ.மீ. விட்டமுள்ள உருளையில் 30 செ.மீ. வெட்டினால் ஏறத்தாழ 42 கிலோ. நான் வாங்கிய சதுரக் கட்டை 36 கிலோ. கிலோ 60 ரூபாய்க்குப் பேசி முடித்தேன். விலை ஏறி இறங்கும், ஆனால் நிறுத்து விற்கும் இடத்தில் வாங்குவதுதான் சிக்கனம்.

கோவை உக்கடத்தின் பழைய இரும்புக் கடைகளிலும், நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரிகளைப் பிரிக்கும் இடங்களிலும் பொறுமையாகத் தேடினால் இத்தகைய துண்டுகள் கண்ணில் படும். லேத் பட்டறைகளில் மிஞ்சும் ஈ.என். 8 என்ற நடுத்தரக் கரி எஃகின் உருளைத் துண்டு நல்லது. இரும்பைச் சூடாக அடித்து உருவாக்கும் ஃபோர்ஜிங் ஆலைகள் கழித்துப் போடும் டை (அச்சு) கட்டை கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள். அது ஏற்கனவே தோய்ச்சல் கொடுத்து, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்கி, அடி வாங்கவே உருவாக்கப்பட்டது. எம்.எஸ். எனப்படும் சாதாரண மென் எஃகுக் கட்டை மட்டுமே கிடைத்தாலும் கவலை வேண்டாம். மஞ்சளாகப் பழுத்த இரும்பு அதைவிட மென்மையானது என்பதால் வேலை நடக்கும். அடி தவறும்போதுதான் வடு விழும்.

தண்டவாளத் துண்டைப் பலரும் சொல்வார்கள். நல்ல எஃகுதான், ஆனால் படுக்க வைத்து அடித்தால் நடுவிலுள்ள மெல்லிய தகட்டுப் பகுதி துள்ளி, அடியின் வேகத்தை விழுங்கிவிடும். நிமிர்த்து நிறுத்தினால் முழு எடையும் சுத்திக்கு நேர் கீழே வந்துவிடும். நம் ரயில்வேயின் 60 கிலோ தண்டவாளம் என்பது மீட்டருக்கு அவ்வளவு எடை என்று பொருள். எனவே 60 செ.மீ. துண்டு 36 கிலோ இருக்கும். தலைப்பகுதியின் அகலம் ஏழு சென்டிமீட்டர்தான், கத்தி அடிக்க அது போதும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: ரயில்வே ஏலத்தில் எடுத்த வியாபாரியிடம் ரசீதோடு வாங்குங்கள். ரயில்வே சொத்தைக் கணக்கில்லாமல் வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். ஒரு துண்டு இரும்புக்காக அந்த வம்பு வேண்டாம்.

கடைக்காரர் எஃகு என்று சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. மூலையில் கிரைண்டரை லேசாகக் காட்டச் சொல்லுங்கள். எஃகானால் பொறி நீளமாகப் பறந்து நட்சத்திரம் போல வெடிக்கும், வார்ப்பிரும்பானால் குட்டையாக, மங்கிய சிவப்பாக உதிரும். துளையிட்டால் எஃகு சுருளாக வரும், வார்ப்பிரும்பு பொடியாகும். பழைய கொம்புக் கல்லே உங்கள் விலைக்கு அமைந்துவிட்டால், பேரிங்கிலிருந்து கழற்றிய எஃகுக் குண்டை 25 செ.மீ. உயரத்திலிருந்து அதன் முகத்தில் பல இடங்களில் விட்டுப் பாருங்கள். 17 செ.மீ.க்கு மேல் எழும்பினால் நல்ல கல். ஓரிடத்தில் மட்டும் குண்டு சோர்ந்து விழுந்தால் அங்கே முகத்தில் பற்றவைத்த எஃகு மேல்தகடு பிரிந்திருக்கக்கூடும். தோய்ச்சல் இல்லாத வெறும் கட்டையில் குண்டு அவ்வளவு உயராது. அதை இந்தச் சோதனையால் தள்ளிவிடாதீர்கள். பழைய கல்லின் முகம் சமமாக இல்லை என்று ஆழமாக இழைக்கவும் வேண்டாம், கடினமான மேல்பகுதி சிறிதளவே இருக்கும்.

வாங்கிய கல்லைவிட அதை நிறுத்தும் விதம் முக்கியம் என்று நான் தாமதமாகத்தான் கற்றேன். ஆடும் கல்லில் அடிப்பது மணலில் அடிப்பதைப் போன்றது. புளிய மரத்தின் அடிக்கட்டை கிடைத்தால் அதைவிடச் சிறந்த பீடம் இல்லை. அரை மீட்டர் ஆழத்திற்குக் குழி தோண்டி, கட்டையை இறக்கி, சுற்றிலும் மண்ணைக் கெட்டித்துவிடுங்கள். ஆசாரி உட்கார்ந்து அடிப்பதால் அவர் கல் தாழ்வாக இருக்கும். நின்று அடிப்பவர் கையைத் தொங்கவிட்டு விரல்களை மடக்கினால் விரல் முட்டிகள் கல்லின் முகத்தைத் தொட வேண்டும். அதற்கு மேல் உயர்ந்தால் மாலையில் தோள் வலிக்கும். விளிம்புகளை மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு உருட்டித் தேய்த்துவிடுங்கள், கூரிய விளிம்பு பொருளில் வெட்டுத்தடம் போடும். தோய்ச்சல் ஏறிய முகத்தில் பழுத்த இரும்பு எதுவும் வைக்காமல் சுத்தியால் ஓங்கி அடிக்காதீர்கள். சில்லு பறந்து கண்ணைக் கெடுக்கும், கண்ணாடி அணியாமல் அருகில் நிற்கவே வேண்டாம்.

தண்டவாளத் துண்டை நிறுத்தினால் ஓசை தெருக்கோடி வரை கேட்கும். பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தை அதன் இடுப்பில் ஒட்டிவையுங்கள், மணியோசை பாதியாக அடங்கும்; எங்கள் பக்கத்து வீட்டு அத்தை முறைப்பதை நிறுத்தியது அதற்குப் பிறகுதான்.