முற்பணமே கடன் என்றால்?

கேள்வி: நான் ஆசிரியர், மனைவி தாதி உத்தியோகத்தர். வீடு களுவாஞ்சிகுடிப் பக்கம், இருவருக்கும் வேலை மட்டக்களப்பு நகரில். கழிவுகள் போக, கடன் தவணை வெட்டுவதற்கு முன், இருவருக்கும் சேர்த்து மாதம் 2,05,000 ரூபா அளவில் வருகிறது. பழைய ஆல்டோ காரில்தான் போய் வருகிறோம். மாதம் 1,500 கிலோமீற்றர் ஓடும், பெற்றோலுக்கே 28,000 போய்விடுகிறது. என் சகலன் போன மாதம் ஒரு சீன மின்சாரக் கார் எடுத்தார். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு. நாங்கள் பார்த்த கார் 75 இலட்சம். பாதிக்கு லீசிங் தருவார்கள். மீதிக்கு, ஆல்டோவை 28 இலட்சத்துக்குக் கேட்கிறார்கள். எனக்கு ஒரு வங்கிக் கடன் இருக்கிறது. 2019 இல் 10 இலட்சம் எடுத்தேன், 2022 இல் அதைப் புதுப்பித்து 15 ஆக்கினேன், 20 மாதங்களுக்கு முன் 20 ஆக்கினேன். இப்போது 16 இலட்சம் நிலுவை. அதை 26 ஆக்கினால் 10 இலட்சம் கையில் வரும். பெற்றோலில் மாதம் 25,000 மிச்சம் என்று விற்பனையாளர் சொல்கிறார். போட்டி கூடி விலை இறங்கியிருக்கிறது, இதுதான் நேரம் என்கிறார்கள். பணம் போதாவிட்டால் வீட்டு உறுதியை வங்கியில் வைக்கலாமா? அது மனைவிக்குச் சீதனமாக வந்த வீடு. இரவில் நித்திரை இல்லை, ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: மின்சாரக் காரைப் பற்றி நிறைய விசாரித்திருக்கிறீர்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. ஒயில் மாற்றத் தேவையில்லை, சத்தமில்லை, வீட்டிலேயே சார்ஜ் போடலாம் என்பதையெல்லாம் நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. காரைவிட என்னைக் கவலைப்படுத்தியது உங்கள் வங்கிக் கடன்தான். 2019, 2022, பிறகு 20 மாதங்களுக்கு முன், இப்போது மறுபடியும். ஏழு வருடமாக ஒரு கடனையும் நீங்கள் கட்டி முடிக்கவில்லை. பாதி வழியில் நிறுத்தி, பெரிதாக்கி, முதலிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள்.

இதன் விலையை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 இலட்சம், 14 வீத வட்டி, ஆறு வருடம் என்று வைத்தால் தவணை 41,200 ரூபா அளவில் வரும். 20 மாதத்தில் 8,24,000 கட்டியிருப்பீர்கள். ஆனால் 20 இலட்சம் 16 ஆகத்தான் குறைந்திருக்கிறது. நான்கு இலட்சத்துக்குச் சற்று மேல் வட்டிக்கே போயிருக்கிறது. இப்படிச் சம தவணையாகக் கட்டும் நீண்ட கடனில் ஆரம்பத் தவணைகளில் வட்டிதான் அதிகம், வாங்கிய முதல் தொகை கூடுதலாகக் கரைவது பின்பாதியில்தான். அந்தப் பின்பாதி வரும் நேரத்தில் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வருகிறது, நீங்கள் ‘டொப் அப்’ செய்துவிடுகிறீர்கள். வட்டி கூடிய பகுதியை மட்டும் மூன்று முறை கட்டியிருக்கிறீர்கள்.

அந்தப் பழக்கத்தோடு இப்போது ஒரு காரைச் சேர்க்கப் பார்க்கிறீர்கள். 2025 ஜூலையில் மத்திய வங்கி தனியார் கார்களுக்கான கடனை வாகனப் பெறுமதியின் 60 வீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று எல்லை கட்டியது, பின்பு அதையும் இறுக்கியது. வாங்குகிறவர் தன் சொந்தப் பணத்தைப் போட வேண்டும், முடியாதவர் கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். நீங்கள் போடப் போகும் ‘சொந்தப் பணத்தில்’ 10 இலட்சம் இன்னொரு வங்கியின் பணம். உங்களைக் காப்பதற்கென்று வைத்த வேலியை நீங்களே பிரித்துவிடுகிறீர்கள்.

மாதக் கணக்கைப் பார்ப்போம். 37.5 இலட்சம் லீசிங், 13 வீதம், ஐந்து வருடம்: தவணை ஏறக்குறைய 85,300. வங்கிக் கடன் 26 இலட்சமானால் அதன் தவணை 53,500. இரண்டும் சேர்ந்து 1,38,800. உங்களிடம் மிஞ்சுவது 66,000. அதில் சாப்பாடு, பிள்ளைகளின் ரியூஷன், கரண்ட் பில், லீசிங் கம்பனி கட்டாயமாகக் கேட்கும் முழுக் காப்புறுதி, கோயில், கலியாணம், நோய் நொடி எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. ஒரு வருடத்துக்குள் கடன் அட்டை வரும், அதற்குப் பின் நகை அடகுக்குப் போகும்.

பெற்றோல் மிச்சம் இதைச் சரிக்கட்டாதா என்று கேட்பீர்கள். மிச்சம் உண்மைதான், ஆனால் 25,000 இல்லை. இப்படிப்பட்ட கார் ஒரு யூனிட்டில் 7 கிலோமீற்றர் ஓடும் என்று எடுத்தால் 1,500 கிலோமீற்றருக்கு 215 யூனிட் வேண்டும். உங்கள் வீட்டுப் பாவனைக்கு மேல் அது சேரும்போது மின் கட்டணத்தின் உயர்ந்த தட்டில் விழும். யூனிட் 75 ரூபா என்று வைத்தால் 16,000. இப்போதைய 28,000 இலிருந்து கழித்தால் மிச்சம் 12,000. நாளின் நேரத்துக்கு ஏற்ப யூனிட் விலை மாறும் நேர அடிப்படைக் கட்டணத்துக்கு மாறி, இரவு பத்தரைக்குப் பின் மட்டும் சார்ஜ் போட்டால் 18,000 வரை வரலாம். வேலையால் வந்ததும் ஏழு மணிக்குச் செருகினால் அது உச்ச நேரம், மிச்சம் கரைந்துவிடும். நல்லபடியாக 18,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள். லீசிங்கின் முதல் மாத வட்டி மட்டும் 40,600. ஒரு கையால் 18,000 மிச்சம் பிடித்து மறு கையால் 40,000 வட்டி கொடுப்பதைச் சிக்கனம் என்று என்னால் சொல்ல முடியாது.

அடுத்தது, ‘விலை இறங்குகிறது, இதுதான் நேரம்’ என்ற பேச்சு. இதில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் இதை நம்பித்தான் நிறையப் பேர் கையெழுத்து வைக்கிறார்கள்.

விலை இறங்குவது உண்மை. 2023 ஜனவரியில் டெஸ்லா விலையைக் குறைத்ததிலிருந்து சீனாவில் விலைப் போர் ஓயவில்லை. 2025 மே மாதத்தில் சீனக் கம்பனியான பிவைடி ஒரே அறிவிப்பில் 22 மொடல்களின் விலையைக் குறைத்தது. அதன் சிறிய கார் சீகல் 55,800 யுவானுக்கு வந்தது. காரில் அதிக விலை பிடிக்கும் பற்றரியும் மலிகிறது. உலகச் சராசரி 2024 இல் கிலோவாட் மணிக்கு 115 டொலர், அதற்கு முந்தைய வருடத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அமெரிக்கா 2024 இல் சீன மின்சாரக் கார்களுக்கு 100 வீத வரி போட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் அதே வருடம் 35 வீதம் வரை மேலதிக வரி போட்டது. பெரிய சந்தைகள் கதவைச் சாத்தியதால் அந்தக் கம்பனிகள் நம்மைப் போன்ற நாடுகளில் ஒன்றையொன்று முந்தப் பார்க்கின்றன. இந்தப் போட்டி அடுத்த வருடம் முடிந்துவிடப் போவதில்லை. அப்படியானால் அவசரம் எதற்கு? விலை இறங்கும் பொருளை வாங்கப் பொறுத்திருப்பவருக்குத்தான் லாபம். கடன்பட்டு இன்று வாங்குகிறவர், இன்றைய விலைக்கு ஐந்து வருடம் தவணை கட்டுவார். இரண்டு வருடம் கழித்து அதைவிட நல்ல கார் குறைந்த விலைக்கு வந்தாலும் அவருடைய தவணை ஒரு சதமும் குறையாது.

நம்மவர்களுக்கு இது பிடிபடுவதில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் பாவித்த கார் வாங்கிய விலையைவிடக் கூடத்தான் விற்றது. உங்கள் ஆல்டோவுக்கு 28 இலட்சம் கேட்பதும் அந்தக் காலத்தின் மிச்சம்தான். அதைப் பார்த்து, கார் வாங்கினால் காசு எங்கேயும் போகாது என்ற நம்பிக்கை எல்லோருக்கும் வந்துவிட்டது. கதவு திறந்த சந்தையில், அதுவும் மின்சாரக் காரில், அந்த நம்பிக்கை செல்லாது. வாடகைக் கார் கம்பனியான ஹேர்ட்ஸ் 2024 ஜனவரியில் அமெரிக்காவில் தன் 20,000 மின்சாரக் கார்களை விற்கப் போவதாக அறிவித்து, பெறுமதித் தேய்வைக் கணக்கில் எழுதியது. வாகனங்களை வாங்கி, வாடகைக்கு விட்டு, பின்பு விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கே அந்த அடி.

உங்கள் கணக்கில் இதைப் போட்டுப் பார்ப்போம். மூன்று வருடத்தில் அதே தரத்துப் புதிய கார் 60 இலட்சத்துக்கு வருகிறது, உங்களுடையதை 45 க்குக் கேட்கிறார்கள் என்று வையுங்கள். அப்போது லீசிங் நிலுவை 18 இலட்சம். அதைத் தீர்த்தால் கையில் 27. ஆல்டோவை விற்ற 28 இலட்சம்கூடத் திரும்பவில்லை. இடையில் லீசிங்குக்கு 30 இலட்சத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள், வங்கிக் கடன் பதினைந்தரை இலட்சத்துக்கு மேல் இன்னும் நிற்கும்.

பற்றரி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று பலர் பயப்படுவார்கள், அது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. பழைய நிசான் லீஃப் கார்களில் பற்றரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு கிடையாது, அதனால் வெக்கை நாடுகளில் சீக்கிரம் தேய்ந்தன. இப்போது பல சீனக் கார்களில் வரும் லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி நீண்ட காலம் தாங்கும். பாவித்த மின்சாரக் கார் யாராவது மலிவாகத் தந்தால் மட்டும், பற்றரியின் நிலையைக் கருவி வைத்துப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். மாரியில் வெள்ளம் ஏறும் ஊரில் இருக்கிறீர்கள், காப்புறுதியில் வெள்ளச் சேதம் அடங்குமா என்றும் எழுத்தில் கேளுங்கள்.

வீட்டு உறுதி விஷயத்தில் எனக்கு இரண்டு மனம் இல்லை. வைக்க வேண்டாம். அது உங்கள் மனைவியின் தாய்வழி வந்த வீடு, நாளைக்கு உங்கள் மகளுக்குப் போக வேண்டியது. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்க ஒரு குடும்பம் எத்தனை வருடம் பாடுபடுகிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஐந்து வருடத்தில் பாதி விலையாகக்கூடிய ஒரு பொருளுக்காக அந்த உறுதியை அலுமாரியை விட்டு வெளியே எடுக்காதீர்கள். சகலன் எப்படி வாங்கினார் என்பது அவருடைய கணக்கு. அவருக்கு என்ன நிலுவை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. வீட்டில் பேச்சு வந்தால் இந்தக் கணக்கை மனைவியோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். சம்பளத்தில் பாதி அவருடையது, முடிவிலும் பாதி அவருடையது.

மின்சாரக் காரே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாதம் 3,000 கிலோமீற்றர் ஓடுகிறவர், கூரையில் சோலார் உள்ளவர், முக்கால்வாசிப் பணத்தைக் கையில் வைத்திருப்பவர் கேட்டிருந்தால் வாங்குங்கள் என்றிருப்பேன். உங்களுக்கும் அந்த நேரம் வரும்.

அதற்கான வழி இது. ஆல்டோவை விற்காதீர்கள். அடுத்த சம்பளத்திலிருந்து 41,200 தவணையோடு இன்னும் 40,000 ஐச் சேர்த்து அதே கடனுக்குக் கட்டுங்கள். 1,38,800 கட்டலாம் என்று நினைத்த உங்களுக்கு 81,200 முடிய வேண்டும். முடியவில்லையென்றால் காருக்கும் முடிந்திருக்காது, அது இப்போதே தெரிவது நல்லது. முடிந்தால் 16 இலட்சமும் 23 மாதத்தில் தீரும். அதன் பின் அதே 81,200 ஐ ஒரு வருடம் வைப்பிலிட்டால் ஒன்பதரை இலட்சத்துக்கு மேல் சேரும், அது உண்மையிலேயே உங்கள் பணம். அன்றைய கார் விலையோடு எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது எந்தக் கார் என்று பேசலாம்.

இந்த வாரமே வங்கிக்குப் போய் இரண்டு கேள்வி கேளுங்கள். தவணைக்கு மேல் கட்டும் பணத்தை நேராகக் கடனின் முதல் தொகையிலிருந்து கழிப்பார்களா? முன்கூட்டித் தீர்த்தால் கட்டணம் எவ்வளவு? இரண்டுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். அப்படியே, கடன் புதுப்பிப்பு பற்றிய குறுஞ்செய்திகள் உங்கள் இலக்கத்துக்கு வராமல் நிறுத்தச் சொல்லிவிட்டு வாருங்கள்.