வீட்டு ஜெபக்கூட்டம் என்றால் என்ன? அக்கம்பக்கத்தாரை ஏன் அழைக்கிறார்கள்?

கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று ஹாலில் பாய் விரித்து, தெருக்காரர்களையும் கூப்பிட்டு, பாட்டு, பைபிள் வாசிப்பு, ஜெபம் என்று நடத்துவதுதான் வீட்டு ஜெபக்கூட்டம். அப்புறம் டீ, பிஸ்கட்.

ஏன் வீட்டில்? முதல் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் வீடுகளில்தான் கூடினார்கள். பைபிளில் உள்ள அப்போஸ்தலர் நூலின் 10-ஆம் அதிகாரத்தில், ரோமப் படை அதிகாரி கொர்நேலியு உறவினரையும் நெருங்கிய நண்பர்களையும் வீட்டுக்கு வரவழைத்துத்தான் இயேசுவின் சீடர் பேதுரு சொல்வதைக் கேட்கிறார். சர்ச்சில் கேட்கக் கூச்சப்படும் கேள்வியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் தாராளமாகக் கேட்கலாம். என்னைக் கேட்டால், பிரசங்கத்தைவிட அந்த டீ நேரப் பேச்சுதான் முக்கியம். 'பையனுக்குப் பரீட்சை, அவனுக்காகவும் ஜெபம் பண்ணுங்கக்கா' என்பார்கள்.

நவராத்திரிக்குக் கொலு பார்க்கக் கூப்பிடுவது போலத்தான்: வரலாம், உட்காரலாம், கிளம்பலாம்.

போனாலே மதம் மாறியதாக ஆகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, கிறிஸ்தவராகச் சேரும் சடங்கான ஞானஸ்நானம் ஒருவர் தானே விரும்பித் தனியாக எடுக்க வேண்டிய முடிவு.