சிடியா, டவுன்லோடா? கடை மூடினாலும் கையில் நிற்கும்படி இசை வாங்குவது

கேள்வி: வீட்டில் 200 சிடிகள் இருக்கின்றன. புதிதாக வாங்கிய லேப்டாப்பில் சிடி டிரைவ் கிடையாது. இனி ஆல்பங்களை டவுன்லோடாகவே வாங்கிவிடலாமா? ஒலித்தரம் குறையுமா? விற்ற தளம் மூடப்பட்டால் வாங்கிய பாடல்கள் என்னாகும்? பழைய சிடிகளை என்ன செய்வது?

பதில்: தாராளமாக மாறலாம். ஆனால் கணினியில் சேமித்து, எந்த மென்பொருளிலும் இயக்கி, விரும்பிய இடத்தில் பிரதி எடுத்து வைக்க முடிகிற ஃபைலாகக் கிடைத்தால்தான் ஒரு டவுன்லோடு சிடிக்கு ஈடாகும். மாதச் சந்தா செயலிகளில் ‘ஆஃப்லைன்’ என்று சேமித்து வைப்பது இந்தக் கணக்கில் சேராது. அந்த ஃபைல்கள் பூட்டப்பட்டவை. சந்தா நின்ற பிறகு அவை பாடாது.

ஒலித்தரத்தை முதலில் பார்ப்போம். சிடியில் ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகளாக, ஒவ்வொன்றும் 16 பிட் அளவில் பதிவாகிறது. இரண்டு சேனலுக்கும் சேர்த்து நொடிக்கு 1,411 கிலோபிட், அதாவது நிமிடத்துக்கு 10 எம்.பி.க்குச் சற்று மேல். ஃபிளாக், ஏலாக் ஆகிய லாஸ்லெஸ் வடிவங்கள் இதே தரவை ஏறக்குறைய பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரையான அளவுக்குள் சுருக்குகின்றன. விரிக்கும்போது ஒரு பிட்கூட மாறாமல் அப்படியே திரும்பி வரும். 45 நிமிட ஆல்பம் சுமார் 300 எம்.பி. ஆகும். உங்கள் 200 சிடிகளும் 60 ஜி.பி. அளவில் அடங்கிவிடும்.

எம்.பி.3, ஏ.ஏ.சி. ஆகியவை காதுக்கு எட்டாது என்று கணித்த விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்குபவை. 320 கிலோபிட் எம்.பி.3 நிமிடத்துக்கு 2.4 எம்.பி.தான். கேட்பதற்கு மட்டும் என்றால் இது போதும். நல்ல என்கோடரில் (சுருக்கும் மென்பொருளில்) செய்த 320 கிலோபிட் எம்.பி.3-ஐ சிடியிலிருந்து பிரித்துச் சொல்லப் பெரும்பாலோரால் முடியாது. சந்தேகம் இருந்தால் ஃபூபார்2000 மென்பொருளில் ஏ.பி.எக்ஸ். ஒப்பீட்டுக் கருவியைச் சேர்த்து, எது எது என்று தெரியாமல் 16 முறை கேட்டுப் பாருங்கள். 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் உங்களுக்கு உண்மையிலேயே வித்தியாசம் கேட்கிறது என்று கொள்ளலாம். 9, 10 என்றால் அது குருட்டு அதிர்ஷ்டம்.

இருந்தும் லாஸ்லெஸ் ஃபைலாகவே வாங்கச் சொல்வோம். ஏன்? நாளைக்காக. எம்.பி.3-ஐ வேறு வடிவத்துக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் விவரம் போகும். ஃபிளாக்கிலிருந்து எத்தனை முறை எம்.பி.3 எடுத்தாலும் மூலத்துக்கு ஒன்றும் ஆகாது. புளூடூத் ஹெட்ஃபோனில் மட்டுமே கேட்பவருக்கும் இது பொருந்தும். புளூடூத் வழியில் ஒலி பொதுவாக மறுபடி சுருக்கப்படுவதால் கேட்கும் நேரத்தில் ஃபிளாக்கால் பெரிய லாபம் இருக்காது, ஆனால் சேமிப்பில் இருக்க வேண்டியது ஃபிளாக்தான்.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ‘ஹை-ரெஸ்’ ஃபைலுக்குக் கூடுதல் பணம் கொடுக்க அவசரப்படாதீர்கள். சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸிலேயே 22 கிலோஹெர்ட்ஸ் வரையான ஒலி பதிவாகிறது. மனிதக் காதின் எல்லை சுமார் 20, வயது கூடக்கூட அதுவும் குறையும். சத்தத்துக்கும் மௌனத்துக்கும் இடையே 16 பிட் தரும் 96 டெசிபல் இடைவெளி வீட்டில் கேட்கப் போதுமானது. ஹை-ரெஸ் ஃபைல் இடத்தை மட்டும் மூன்று மடங்குக்கு மேல் அடைக்கும்.

பணம் கொடுக்கத் தகுந்த வித்தியாசம் மாஸ்டரிங்கில், அதாவது வெளியிடுமுன் ஒலியைக் கடைசியாகச் செப்பனிடும் வேலையில், இருக்கிறது. இதைத்தான் வாங்குபவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுகிறார்கள். ஒரே ஆல்பம் 1980களில் சிடியாக வந்தபோது ஒருவிதமாகவும், பின்னாளில் ‘ரீமாஸ்டர்’ என்று வந்தபோது வேறுவிதமாகவும் இருக்கும். 1990களிலிருந்து, மற்ற பாட்டைவிட நம் பாட்டு உரக்கக் கேட்க வேண்டும் என்ற போட்டியில் பல பதிப்புகளின் மெல்லிய பகுதிகளை உயர்த்தி, உச்சங்களை நறுக்கிவிட்டார்கள். தபலாவின் அடி, டிரம்ஸின் வெடிப்பு எல்லாம் மழுங்கிப்போகும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஃபைலைத் திறந்தால் அலைவடிவம் செங்கல் அடுக்கியதுபோல் மேலும் கீழும் தட்டையாகத் தெரியும். டவுன்லோடு தளங்களில் பெரும்பாலும் கடைசியாக வந்த மாஸ்டரிங்தான் இருக்கும். பழைய மாஸ்டரிங் வேண்டுமானால் பழைய சிடியைத் தேடித்தான் ஆக வேண்டும். இன்றும் சிடி வாங்குவதற்கு வலுவான காரணம் இதுவே. வாங்குமுன் பதிப்பு ஆண்டையும் கேட்டலாக் எண்ணையும் பாருங்கள்.

டவுன்லோடு வாங்கும்போது

பணம் கட்டுமுன் என்ன வடிவம் தருகிறார்கள் என்று பாருங்கள். ‘ஹை குவாலிட்டி’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதில் ஒன்றும் இல்லை. ஃபிளாக், ஏலாக், வேவ் (சுருக்காத வடிவம்) என்று பெயர் இருக்க வேண்டும். பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் ஒருமுறை வாங்கினால் இவற்றில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆப்பிளின் மியூசிக் செயலி தன் தொகுப்பில் ஃபிளாக்கைச் சேர்க்காது. அதில் கேட்பவர்கள் ஏலாக் எடுக்கலாம். ஏலாக், ஏ.ஏ.சி. இரண்டுக்கும் ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகள் ஒன்றே. 5 நிமிடப் பாட்டு 10 எம்.பி. அளவில் இருந்தால் அது ஏ.ஏ.சி.; 30 எம்.பி. பக்கம் இருந்தால் ஏலாக்.

எம்.பி.3-ஐயே ஃபிளாக் உறையில் போட்டு விற்பதும் நடக்கிறது. ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் ஃபைலை இழுத்துப் போட்டால் அதிர்வெண் படம் வரும். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டினாற்போல் படம் நின்றால், அது பெரும்பாலும் 128 கிலோபிட் எம்.பி.3-இலிருந்து வந்தது. பழைய நாடா ஒலிப்பதிவுகளில் மேல் அதிர்வெண் இயல்பாகவே குறைவு என்பதையும் மனத்தில் வையுங்கள். அது படிப்படியாக மங்கும், ஒரே கோட்டில் நிற்காது.

வாங்கிய அன்றே, முடிந்தால் கணினியில், முழு ஆல்பத்தையும் இறக்கிவிடுங்கள். ‘எப்போது வேண்டுமானாலும் மறுபடி எடுக்கலாம்’ என்ற வசதியை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். உரிம ஒப்பந்தம் மாறினால் ஆல்பமே தளத்திலிருந்து போய்விடலாம். தளமே போவதும் உண்டு: கூகுள் பிளே மியூசிக் 2020 டிசம்பரில் மூடப்பட்டது. ஃபைலை முன்பே இறக்கி வைத்திருந்தவர்களின் பாட்டுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

ஆல்பம் வரும் ஜிப் ஃபைலை விரித்த பிறகு பாடல் எண்ணிக்கையை அட்டவணையோடு ஒப்பிடுங்கள். இறக்கம் பாதியில் அறுந்திருந்தால் கடைசிப் பாட்டுத்தான் பெரும்பாலும் அடிபட்டிருக்கும், ஆகவே அதன் முடிவைக் கேட்டுப் பாருங்கள். ஃபிளாக் ஃபைலுக்குள் அதன் ஒலித்தரவின் சரிபார்ப்புக் குறியீடு வழக்கமாகவே பதிவாகியிருக்கும். ஃபூபார்2000-இன் ஃபைல் சரிபார்ப்புக் கருவி அதை வைத்துச் சேதத்தைக் கண்டுபிடித்துவிடும். ரசீதையும் அட்டைப் புத்தகத்தின் பி.டி.எஃப்.பையும் அதே ஃபோல்டரில் வையுங்கள். பிறகு இரண்டு வெவ்வேறு ஹார்டு டிஸ்க்குகளில் பிரதி, அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே.

மறுவிற்பனையில் மட்டும் டவுன்லோடு சிடிக்கு ஈடாகாது. சிடியை விற்கலாம், யாருக்கும் கொடுக்கலாம். வாங்கிய ஃபைலில் உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் பயன்பாட்டு உரிமம்தான். ஃபைல்களை மறுவிற்பனை செய்ய முயன்ற ரீடிஜி நிறுவனத்துக்கு எதிராக 2018-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஃபைலை இன்னொருவருக்கு மாற்றும்போதே புதிய பிரதி உருவாகிறது என்பது அதன் காரணம்.

இருக்கும் சிடிகளை ரிப் செய்வது

ரிப் செய்வது என்றால் சிடியின் பாடல்களைக் கணினியில் ஃபைலாக எடுப்பது. யு.எஸ்.பி.யில் செருகும் சாதாரண டிவிடி டிரைவ் ஒன்று போதும். விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்.எல்.டி., இரண்டும் இலவசம். சிடியிலிருந்து தனிப்பட்ட பயனுக்குப் பிரதி எடுப்பது குறித்த சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதால் அதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

சாதாரண பிளேயர் மென்பொருளில் ரிப் செய்தால் என்ன கெடும்? இசை சிடியில் கணினி சிடிக்கு உள்ள கூடுதல் பிழைதிருத்த அடுக்கு கிடையாது. படிக்க முடியாத இடம் வந்தால் டிரைவ் பக்கத்து மதிப்புகளை வைத்து ஊகித்து நிரப்பிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த இடத்துக்குப் போய்விடும். ‘டிக்’ என்ற சத்தத்தோடு ஃபைல் சேமிக்கப்பட்டிருப்பது மாதங்கள் கழித்துத்தான் தெரியவரும். மேலே சொன்ன மென்பொருள்களின் ‘செக்யூர்’ முறை ஒவ்வொரு பகுதியையும் மறுபடி படித்து ஒப்பிடுகிறது. கூடவே அக்யூரேட்ரிப் வசதியை இயக்குங்கள். அதே சிடியை ரிப் செய்த மற்றவர்களின் முடிவோடு உங்களுடையது பொருந்துகிறதா என்று சொல்லும். பொருந்தினால் கேட்டுச் சரிபார்க்க வேண்டியதே இல்லை. பொருந்தவில்லை என்றால் உடனே பிழை என்று முடிவு கட்டாதீர்கள், வேறு பதிப்பாகவும் இருக்கலாம். அப்படியானால் இன்னொரு டிரைவில் ரிப் செய்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

சேமிப்பு வடிவம் ஃபிளாக், சுருக்க நிலை 5. நிலை 8-இல் அளவு சற்றுக் குறையும், ஒலி எல்லா நிலையிலும் ஒன்றே. பாடல் விவரங்களில் ‘ஆல்பம் கலைஞர்’ என்ற கட்டத்தை மறக்காமல் நிரப்புங்கள். பலர் பாடிய தொகுப்பில் அது காலியாக இருந்தால் ஒரே ஆல்பம் பத்துத் துண்டாகச் சிதறித் தெரியும். பெயர்களைத் தமிழில் எழுதுவதாக இருந்தால், எம்.பி.3 பிரதிகளில், பாடல் விவரங்களைப் பதியும் ஐடி3 முறையின் பதிப்பு 2.3-ஐத் தேர்ந்தெடுங்கள்; பழைய பதிப்பு 1-இல் தமிழ் எழுத்து நிற்காது, கேள்விக்குறிகளாக மாறிவிடும்.

படிக்க மறுக்கும் சிடியை மென்மையான ஈரத்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் தடத்தின் போக்கிலேயே கீறல் விழும், அந்தக் கீறலைத்தான் பிழைதிருத்தத்தால் சமாளிக்க முடியாது. அடிப்பக்கம் 1.2 மி.மீ. பாலிகார்பனேட் இருப்பதால் அங்கே விழும் மேலோட்டமான கீறலை மெருகேற்றிச் சரிசெய்யலாம். பெயர் அச்சிட்ட மேல்பக்கம்தான் ஆபத்து. பளபளக்கும் உலோகப் படலம் மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. அங்கே ஆழமாகக் கீறினால் தரவு போனது போனதுதான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஊசித்துளைகள்போல் ஒளி தெரிகிறதா என்று பாருங்கள்.

ரிப் செய்யும் வரிசைக்கு ஒரு யோசனை. அடிப்பக்கம் பச்சையாகவோ நீலமாகவோ தெரிபவை பெரும்பாலும் அச்சில் அழுத்தப்படாமல் கணினியில் எழுதப்பட்ட சிடி-ஆர் தட்டுகள். குறைந்த எண்ணிக்கையில் வெளியான ஆல்பங்கள் பல இப்படித்தான் வந்தன. அவற்றின் சாயம் வெயிலிலும் வெப்பத்திலும் மங்கும், ஆகவே அவற்றை முதலில் எடுங்கள். அடுத்து, விளிம்பிலிருந்து பழுப்பேறத் தொடங்கியவை. இங்கிலாந்தின் பி.டி.ஓ. என்ற சிடி ஆலையில் 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் தயாரான சில தட்டுகள் இந்தக் கோளாறுக்குப் பேர்போனவை. அதன்பின் டவுன்லோடாகக் கிடைக்காத ஆல்பங்கள். எங்கும் எளிதாகக் கிடைப்பவை கடைசியில் போதும்.

எல்.பி. ரெக்கார்டு வாங்க நினைத்தால், அதோடு வரும் டவுன்லோடு கூப்பனை அன்றே பயன்படுத்துங்கள். பல கூப்பன்கள் ஒருமுறைதான் வேலை செய்யும், சிலவற்றுக்குக் காலக்கெடுவும் உண்டு, பெரும்பாலும் எம்.பி.3 மட்டுமே வரும். எல்.பி.யிலிருந்து நீங்களே ஃபைல் எடுப்பதற்கு நல்ல டர்ன்டேபிளும், அதன் மெல்லிய ஒலிக்குறியைப் பெருக்கும் போனோ பிரீஆம்பும் நிறைய நேரமும் வேண்டும். அந்த இசை வேறு எந்த வடிவிலும் கிடைக்காதபோது மட்டும் அதில் இறங்குங்கள்.

ரிப் முடிந்த சிடிகளைத் தூக்கி எறிய வேண்டாம். ஹார்டு டிஸ்க்குகள் பழுதானால் அவையே மூலம்; சில நாடுகளில் மூலத்தட்டு உங்களிடம் இருக்கும்வரைதான் பிரதி வைத்துக்கொள்ளும் உரிமை. வெயில் படாத இடத்தில் பெட்டியோடு நிமிர்த்தி அடுக்குங்கள். பல சிடிகள் அடங்கிய பழைய பெட்டிகளில் சிடிக்கு அடியில் ஸ்பாஞ்சு தாள் இருந்தால் எடுத்துவிடுங்கள். நாளடைவில் அது மக்கித் தட்டில் ஒட்டிக்கொள்ளும்.